பஸ் நின்றது, பயணி நிற்கவில்லை!

ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் டிரைவர் திடீரென்று பிரேக் போடுகிறார். நின்றுகொண்டு வருகிறவர்கள் எல்லோரும் முன்பக்கமாகச் சாய்கிறார்கள். ஒருவர் காலை மற்றொருவர் மிதிக்கிறார். "யாரய்யா அது, தள்ளுவது?" என்று ஒரு குரல் கேட்கிறது. "நான் தள்ளவில்லை, எனக்குப் பின்னால் இருக்கிறவரைக் கேளுங்கள்" என்று வேறொரு குரல் பதில் சொல்கிறது. பின்னால் இருப்பவரைக் கேட்டால் அவர் தமக்கும் பின்னால் இருப்பவரைக் காட்டுவார். இப்படியே கடைசி ஆசாமி வரையில் விசாரித்துக்கொண்டு போனாலும் குற்றவாளி அகப்பட மாட்டார்.

காரணம், உண்மையில் யாரும் யாரையும் தள்ளவில்லை. பஸ் நின்றது, பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள மனித குலத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகள் தேவைப்பட்டன. இன்று அது பள்ளி மாணவர்களின் பாடம். பரீட்சைக்கு மட்டும் உரிய பாடமாக அதைக் கருதிவிடக்கூடாது. பஸ்ஸின் படிக்கட்டில் தொங்கும் பையனுக்கும், மோட்டார் சைக்கிளில் மூன்று பேராகப் போகிறவர்களுக்கும், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காரின் முன் ஸீட்டில் உட்காரும் தாய்க்கும் அது உயிரைக் காக்கும் பாடம். எப்படி என்று சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

மாடு இழுத்தால் வண்டி ஓடும்

கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க தேசத்தில் வாழ்ந்த பேரறிஞர் அரிஸ்டாட்டில். ஒரு பொருள் நகர வேண்டுமானால் அதை ஏதாவது ஒன்று விடாமல் தள்ளிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இது நம் கண்ணுக்கும் நியாயமாகத்தான் படுகிறது. மாடு இழுக்கும் வரையில் வண்டி ஓடுகிறது. மாடு நின்றால் வண்டி நிற்கிறது. பெடலை மிதிப்பதை விட்டால் சைக்கிள் சிறிது தூரம் போய் நின்றுவிடுகிறது.

ஆனால் வில்லிலிருந்து புறப்பட்ட அம்பு என்ன செய்கிறது? நாண் அதை விட்டுவிட்ட பிறகும் அது பறந்துகொண்டே போகிறதே! அதைத் தள்ளுவது யார்? காற்றுத்தான் தள்ளுகிறது என்று அரிஸ்டாட்டில் சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் பலருக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஆயினும் அவருடைய கொள்கையை முற்றிலும் மாற்றி அமைக்க, 1564-ஆம் ஆண்டில் இத்தாலியின் பைஸா நகரில் பிறந்த கலிலியோ வர வேண்டியிருந்தது.

பலகையும் பந்தும்

கலிலியோ ஒரு நீண்ட மரப்பலகையில் வழவழப்பான பள்ளம் வெட்டி, அதைச் சாய்வாக வைத்து, வெண்கலக் குண்டு ஒன்றை அதில் உருட்டிவிட்டார். நேரத்தைத் துல்லியமாக அளக்க அக்காலத்தில் நல்ல கடிகாரம் கிடையாது. ஒரு பாத்திரத்தின் அடியிலிருந்து ஒழுகும் தண்ணீரைப் பிடித்து, அதை நிறுத்துப் பார்த்து, அதைக்கொண்டு நேரத்தைக் கணக்கிட்டார். ஒரு பங்கு நேரத்தில் குண்டு ஒரு பங்கு தூரம் உருண்டால், இரண்டு பங்கு நேரத்தில் நான்கு பங்கும், மூன்று பங்கு நேரத்தில் ஒன்பது பங்கும் உருண்டது. இந்த ஒன்று, நான்கு, ஒன்பது என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

அவருடைய மற்றொரு யோசனை இன்னும் அருமையானது. ஒரு சாய்வில் இறங்கும் குண்டு எதிரே உள்ள மற்றொரு சாய்வில் ஏறினால், ஏறக்குறைய புறப்பட்ட உயரம் வரையில் ஏறுகிறது. எதிர்ச் சாய்வைச் சற்றுத் தாழ்த்தினால், அதே உயரத்தை எட்டுவதற்குக் குண்டு அதிக தூரம் ஓடுகிறது. இன்னும் தாழ்த்தினால் இன்னும் அதிக தூரம். எதிர்ச் சாய்வு அடியோடு மட்டமாகிவிட்டால்? ஏறுவதற்கு உயரமே இல்லை. அப்படியானால் குண்டு ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்!

நடைமுறையில் குண்டு நின்றுவிடுகிறதே என்று கேட்கலாம். நிற்பது தானாக அன்று; உராய்வு என்னும் விசை அதை நிறுத்துகிறது. கேரம் விளையாடுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பலகையில் பவுடர் தூவாவிட்டால் காய் பாதி வழியில் நின்றுவிடும். பவுடர் தூவிவிட்டால் அதே சுண்டலுக்கு அது வழுக்கிக்கொண்டு போய் எதிர்ப்பக்கத்தில் மோதித் திரும்பும். பவுடர் காயைத் தள்ளவில்லை. நிறுத்துகிற உராய்வைக் குறைத்தது.

ஆகவே அரிஸ்டாட்டில் கேட்ட கேள்வியையே தலைகீழாக மாற்ற வேண்டியதாயிற்று. ஓடுகிற பொருள் ஏன் ஓடுகிறது என்பது கேள்வி அன்று. ஓடுகிற பொருள் ஏன் நிற்கிறது, அதை நிறுத்தியது எது என்பதே கேள்வி.

பொருள்களின் பிடிவாதம்

இந்த உண்மைக்கு முழு உருவம் கொடுத்தவர் இங்கிலாந்தின் ஸர் ஐசக் நியூட்டன். 1687-ஆம் ஆண்டில் வெளிவந்த 'பிரின்ஸிபியா' என்னும் அவருடைய மாபெரும் நூலில் இயக்கத்தைப் பற்றிய மூன்று விதிகள் இடம் பெற்றன. அந்த நூலை அச்சிடும் செலவை ஏற்றுக்கொண்டவர், வால் நட்சத்திரத்துக்குத் தம் பெயரைத் தந்த அதே எட்மண்ட் ஹாலி.

முதல் விதியின் சாரம் இதுதான்: வெளியிலிருந்து ஒரு விசை குறுக்கிடாத வரையில், சும்மா இருக்கும் பொருள் சும்மாவே இருக்கும், ஓடும் பொருள் அதே வேகத்தில், நேர்கோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பொருள்களின் இந்தப் பிடிவாதத்துக்குச் சடத்துவம் என்று பெயர். இன்றைய பாடப் புத்தகங்கள் இதை நிலைமம் என்கின்றன.

பொருளின் நிறை எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகம் அதன் பிடிவாதம். திருவாரூர் ஆழித்தேரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சுமார் 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. ஆயிரக்கணக்கானவர்கள் வடம் பிடித்து இழுத்தாலும் தேர் இலேசில் அசைந்து கொடுக்காது. நகர ஆரம்பித்துவிட்டாலோ, அதை நிறுத்துவதும் அதே போல் பெரும்பாடு. வடத்தைக் கீழே போட்டுவிட்டால் தேர் நின்றுவிடாது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுக்க வேண்டும். "என் காரியத்துக்கு முட்டுக்கட்டை போடாதே" என்று நாம் பேச்சில் சொல்கிறோமே, அந்தச் சொல் தேரடியிலிருந்து வந்ததுதான்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு தம்ளரின் வாயை ஒரு சீட்டுக்கட்டுச் சீட்டால் மூடி, சீட்டின் நடுவில் ஒரு நாணயத்தை வையுங்கள். சீட்டை விரலால் சட்டென்று சுண்டுங்கள். சீட்டு பறந்து போகும். நாணயம் தம்ளருக்குள் 'டங்' என்று விழும். சீட்டை மெள்ள இழுத்தாலோ நாணயமும் கூடவே வந்துவிடும். சட்டென்று சுண்டும்போது, நாணயத்தைத் தன்னோடு இழுத்துப்போக உராய்வுக்கு நேரம் போதவில்லை.

இனிப் பஸ்ஸுக்கு வருவோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் பஸ் போகிறது என்றால், அதில் உள்ள பயணிகளும் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறார்கள். பிரேக் பிடித்தது பஸ்ஸின் சக்கரத்தை. பயணியின் தோளையோ தலையையோ எந்தப் பிரேக்கும் பிடிக்கவில்லை. அவை தம் வழியில் போகின்றன.

பஸ் வலப்பக்கம் திரும்பினாலும் கதை இதுவே. பஸ் திரும்புகிறது, பயணியின் உடல் நேராகவே போகப் பார்க்கிறது. உள்ளே இருப்பவரை ஜன்னலோரத்துக் கம்பி தடுத்து, பஸ்ஸோடு சேர்த்துத் திருப்புகிறது. இடப்பக்கத்துப் படிக்கட்டில் தொங்குகிறவனைத் திருப்புவதற்கு அவன் கைவிரல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. வியர்வையில் விரல் வழுக்கினால் அவன் உடல் நேர்கோட்டில் போய்விடும்; அங்கே இருப்பது சாலை. ஓடும் பஸ்ஸிலிருந்து குதிப்பவனும் இப்படித்தான் விழுகிறான். அவன் காலைத் தரை நிறுத்திவிடுகிறது. உடம்பு பஸ்ஸின் வேகத்தோடு முன்னே பாய்கிறது.

ஓய்வில்லாத ஒரு பிரயாணி

உராய்வே இல்லாத இடத்தில் ஒரு பொருளை ஓடவிட்டால் அது ஓடிக்கொண்டே இருக்குமா? இருக்கும் என்பதற்குக் கண்கூடான சான்று இருக்கிறது. 1977-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் தேதி அமெரிக்கா அனுப்பிய வாயேஜர்-1 என்னும் விண்கலம், சூரியனை விட்டு வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் இன்றும் விலகிப் போய்க்கொண்டிருக்கிறது. முன்னோக்கித் தள்ள அதில் எந்த எஞ்சினும் ஓடவில்லை. ஆன்டெனா பூமியை நோக்கி நிற்கும்படி அவ்வப்போது கலத்தைத் திருப்புவதற்கு மட்டுமே சிறிது எரிபொருள் செலவாகிறது. அதை நிறுத்தப் போதுமான முட்டுக்கட்டை விண்வெளியில் இல்லை. ஆகவே அது போகிறது.

பந்தைப் பிடிக்கும் சாமர்த்தியம்

ஓடுகிற பொருளை நிறுத்த எவ்வளவு விசை வேண்டும்? இதைச் சொல்வது நியூட்டனின் இரண்டாம் விதி. பொருளின் நிறை, அதன் வேகம், நிறுத்த எடுத்துக்கொள்ளும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன. நிறையும் வேகமும் கூடினால் விசையும் கூடும். நேரம் கூடினால் விசை குறையும். இந்த மூன்றாவதுதான் கவனிக்க வேண்டியது.

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிப்பவர் கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு நிற்பதில்லை. பந்து கையில் பட்டதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறார். பந்து நிற்கும் நேரம் சற்று நீளுகிறது. கையில் அடி குறைகிறது. நீளம் தாண்டுகிறவர்கள் விழும் குழியில் மணல் கொட்டுவதும், கண்ணாடிச் சாமானை வைக்கோலில் பொதிந்து அனுப்புவதும் இதே தந்திரம்தான்.

இந்த விதியை ஒரு காருக்குள் வைத்துப் பார்ப்போம். மணிக்கு 36 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 10 மீட்டர். அதிகமான வேகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அந்த வேகத்தில் போகும் கார் ஒன்றில் மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே தாயின் மடியில் 10 கிலோ எடையுள்ள குழந்தை. குழந்தையையும் அதே நேரத்தில் நிறுத்த வேண்டுமானால், அதன் எடையைப்போல் பத்து மடங்கு விசை, அதாவது ஏறக்குறைய 100 கிலோ மூட்டையைத் தூக்கிப் பிடிக்கும் அளவு விசை, அந்தத் தாயின் கைகளுக்கு வேண்டும். காரின் வேகம் இரண்டு மடங்கானால் 200 கிலோ. அதுவும் கண் இமைக்கும் நேரத்துக்குள்! தாயின் அன்பில் குறையில்லை. ஆனால் இந்தப் பாரத்தைத் தாங்க எந்தத் தாயாலும் முடியாது. மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கின் மேல் உட்கார்ந்து வரும் குழந்தைக்கோ பிடித்துக்கொள்ளக் கைகள்கூட இல்லை.

காரில் கட்டிக்கொள்ளும் பெல்ட்டின் வேலை, உடம்பைக் காரோடு சேர்த்து நிறுத்துவது. தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் இன்றைய பெல்ட்டை 1959-ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டின் வோல்வோ கம்பெனி எஞ்சினீயர் நில்ஸ் போலின் அமைத்தார். மற்ற கம்பெனிகளும் அதைச் செய்துகொள்ள வோல்வோ தாராளமாக அனுமதித்துவிட்டது. பெல்ட் சற்றே இழுபட்டுக் கொடுக்கும். நிற்கும் நேரம் நீளும்.

ஹெல்மெட்டும் அப்படியே. அதன் வெளி ஓடு மட்டும் தலையைக் காப்பதில்லை. உள்ளே தெர்மாகோல் போன்ற மெத்தை இருக்கிறதே, அது நசுங்கிக் கொடுத்துத் தலை நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. தாடைப் பட்டியைப் பூட்டாமல் போட்டுக்கொண்டால், வண்டி மோதும்போது ஹெல்மெட்டும் தன் சடத்துவப்படி கழன்று பறந்துவிடும். தலை தனியே போகும்.

வேகம் இரண்டு, தூரம் நான்கு

முன்னால் நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்ன கலிலியோவின் கணக்கு இங்கேதான் பயன்படுகிறது. பிரேக் போட்ட வண்டி, சாய்வில் உருண்ட குண்டின் கதையைத் தலைகீழாக நடத்துகிறது. குண்டு வேகத்தைச் சேர்த்துக்கொண்டே போயிற்று. வண்டி வேகத்தை இழந்துகொண்டே போகிறது.

உலர்ந்த தார்ச் சாலையில் பிரேக் போட்டால் ஒவ்வொரு வினாடியும் வண்டியின் வேகத்தில் 5 மீட்டர் குறைவதாகக் கணக்குக்கு வைத்துக்கொள்வோம். வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் வண்டி 2 வினாடியில் நிற்கும். அதற்குள் 10 மீட்டர் ஓடியிருக்கும். வேகம் இரட்டிப்பாகி வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் ஆனால்? நிற்க 4 வினாடி ஆகும். ஓடும் தூரம் 40 மீட்டர். வேகம் இரண்டு மடங்கு. தூரம் நான்கு மடங்கு.

இத்துடன் கணக்கு முடியவில்லை. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஏறக்குறைய ஒரு வினாடி ஆகிவிடும். அந்த ஒரு வினாடியில் முதல் வண்டி 10 மீட்டரும் இரண்டாவது வண்டி 20 மீட்டரும் குறையாத வேகத்தில் ஓடிவிடுகின்றன. ஆக, முதல் வண்டி நிற்க மொத்தம் 20 மீட்டர். இரண்டாவது வண்டிக்கு 60 மீட்டர்.

25 மீட்டர் தொலைவில் ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு சாலையில் குறுக்கே ஓடி வருகிறான். முதல் வண்டி அவனுக்கு 5 மீட்டர் முன்னதாகவே நின்றுவிடும். டிரைவர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவார். இரண்டாவது வண்டி அவனிடம் வந்து சேரும்போது அதன் வேகம் மணிக்கு 67 கிலோமீட்டர். பிரேக் போட்டும், 72 என்பது 67 ஆகத்தான் குறைந்திருக்கும். டிரைவர் நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றிய பேச்சு இதில் இல்லை, கணக்கு அப்படி.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவதோ 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம். ஆறாவது மாடியின் கைப்பிடிச் சுவரில் உட்காரப் பயப்படுகிற நாம், அதே ஆபத்தை மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு போகிறோம்.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துக்களில் 1,68,000-க்கும் மேற்பட்டவர்கள் உயிர் இழந்தார்கள். அவர்களில் பத்தில் ஏழு பேர் அளவுக்கு, அதிவேகத்தால் நேர்ந்த விபத்துக்களில் மாண்டவர்கள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை மோட்டார் சைக்கிளில் அழைத்துப் போனால், குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுகிறவரோடு சேர்த்துக் கட்டும் பட்டையும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-ஆம் ஆண்டில் விதி செய்திருக்கிறார்கள். அதிகாரிகள் மனம் போனபடி வகுத்த விதி என்று இதை நினைக்க வேண்டாம். மேலே கண்ட கணக்கை அறிந்தவர்கள் வகுத்த விதி.

வண்டியை நிறுத்துவது யார்?

வண்டியை நிறுத்துவது பிரேக் என்றே எல்லோரும் எண்ணுகிறோம். பிரேக் நிறுத்துவது சக்கரத்தின் சுழற்சியைத்தான். வண்டியை நிறுத்துவது சாலை! இதை நியூட்டனின் மூன்றாம் விதி விளக்குகிறது: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான, எதிர்த் திசையில் அமைந்த விசை ஒன்று உண்டு. பரிசலிலிருந்து கரைக்குத் தாவினால், நாம் முன்னே போகப் பரிசல் பின்னே போகிறது. நடக்கும்போது நாம் தரையைப் பின்னுக்குத் தள்ளுகிறோம். தரை நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. பாசி படிந்த குளத்துப் படியில் அப்படித் தள்ள முடிவதில்லை. ஆகவே வழுக்கி விழுகிறோம்.

பிரேக் போடும்போது டயர் சாலையை முன்னுக்குத் தள்ளுகிறது; சாலை டயரைப் பின்னுக்குத் தள்ளி வண்டியை நிறுத்துகிறது. டயர் தேய்ந்து மழுங்கியிருந்தாலோ, மழைத் தண்ணீர் நடுவில் புகுந்தாலோ இந்தக் கொடுக்கல் வாங்கல் நடப்பதில்லை. ஈரச் சாலையில் உராய்வு பாதியாகக் குறைந்தால், நிற்கும் தூரம் இரட்டிப்பாகும். எவ்வளவு உசத்தியான பிரேக் ஆனாலும் பயன் இல்லை.

சாலையும் இல்லை, காற்றும் இல்லை என்றால் என்ன செய்வது? 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் தேதி நமது சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியபோது இந்தப் பிரச்னைதான் எழுந்தது. வினாடிக்குச் சுமார் 1.7 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது விக்ரம் என்னும் இறங்குகலம். சந்திரனில் காற்று இல்லாததால் பாரசூட் உதவாது. ஆகவே எஞ்சின்களைப் போகும் திசையை நோக்கி எரியவிட்டார்கள். வாயு முன்னே பாய்ந்தது. கலம் பின்னுக்குத் தள்ளப்பட்டு வேகம் தணிந்தது. பஞ்சு போல் இறங்குவதற்குள் ஏறக்குறைய 19 நிமிஷம் பிடித்தது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த பி. வீரமுத்துவேல் என்பது நமக்குப் பெருமை. ஓடுகிற ஒன்றை நிறுத்துவதற்கு எவ்வளவு விசையும் நேரமும் எரிபொருளும் செலவிட வேண்டியிருக்கிறது என்பதை அந்த 19 நிமிஷங்கள் உலகத்துக்கே காட்டின.

மாணவர்களுக்கு ஒரு வேலை

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு நாடாவைக் கொண்டு 20 மீட்டரையும் 60 மீட்டரையும் அளந்து கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை நடந்து பாருங்கள். பிறகு வீட்டுக்குப் போய், மோட்டார் சைக்கிள் ஓட்டும் அப்பாவிடமும் அண்ணனிடமும் அதைச் சொல்லுங்கள். "உனக்கு என்ன தெரியும்?" என்று அவர்கள் கேட்டால், கணக்கைப் போட்டுக் காட்டுங்கள், பெருக்கலும் வகுத்தலும் போதும்.

நியூட்டன் விதிகளைப் பரீட்சையில் எழுத மறந்தால் சில மார்க்குகள் குறையும். அடுத்த வருஷம் சேர்த்து வாங்கிக்கொள்ளலாம். சாலையில் மறந்தால் அப்படி இல்லை. ஆகையால் நாளைக் காலையில் பஸ் கூட்டமாக வந்தால், படிக்கட்டைப் பார்க்காதீர்கள். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருங்கள். முதல் மணி அடித்த பிறகு போய்ச் சேர்ந்தாலும், ஆசிரியரிடம் சொல்ல நல்ல காரணம் இருக்கிறது.